வளருற பிள்ளைக்கு ஒரு சோடி ஸ்கீ

மெல்பேர்னின் புறநகரான கிரான்பர்னில், எங்கள் வீட்டுக் கராஜில், மழைக் கோட்டுகளுக்குப் பின்னால், கருநீல நிறத்தில் ஒரு பனிக் காற்சட்டை தொங்குகிறது. பனிச்சறுக்கப் போகிறவர்கள் எல்லாவற்றுக்கும் மேலாக இழுத்து மாட்டிக்கொள்கிற, தண்ணீர் புகாத தடித்த உடுப்பு. என் மச்சாளின் பாஷையில் களிசான். அதன் இடுப்புப் பட்டியில் வரிசையாகச் சில துருக் கறைகள் உண்டு. ஊக்கு குத்திய இடங்கள் அவை. ஒரு கறைக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு விரல் அகலம். இவர், அதாவது என் கணவர், கராஜைத் துப்புரவாக்குகிறேன் என்று சொல்லி அதை ஒருமுறை பழந்துணி மூட்டைக்குள் போட்டுவிட்டார். போய்க் கிளறி எடுத்து வந்து, பழைய ஆணியிலேயே மாட்டினேன்.

மச்சாள் என்பவர் என் பெரியண்ணாவின் மனைவி. எங்கள் வழக்கத்தில் அது இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் உறவு என்பதால் அவருக்கு நானும் மச்சாள்தான். தொலைபேசியில் "மச்சாளோ?" என்று கேட்டால் "ஓம், மச்சாள்தான்" என்று பதில் போகும். பிள்ளைகள் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். மன்னாரில் பிறந்து வளர்ந்தவர், மெல்பேர்னுக்கு வந்து பஸ் ஓட்டினார். முதலில் பள்ளிக்கூடப் பஸ், பிறகு நெடுந்தூரம் போகிற பெரிய பஸ். முன்கண்ணாடிக்குக் கீழே மடு மாதா படம் ஒன்றை ஒட்டி வைத்திருப்பார். அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கியரில் கை வைப்பார். இறந்தகாலத்தில் எழுதுகிறேனே என்று யாரும் முகத்தைத் தொங்கப்போட வேண்டாம். ஆள் கல்லுப்போல இருக்கிறார். மகளின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, நாட்டின் மறுகரையில் உள்ள பேர்த்துக்குக் குடிபோய்விட்டார், அவ்வளவுதான். ஆனால் பேர்த்தில் பனி விழுவதில்லை. எங்கள் இருவரையும் பொறுத்தவரை அதுவும் ஏறக்குறைய அதே அளவு துக்கம்.

ஜூன் முதல் செப்டெம்பர் வரை இங்கே குளிர்காலம். அந்தச் சனிக்கிழமைகளில் அவருடைய பஸ், விடியுமுன்பே நகரத்திலிருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு மவுண்ட் புல்லர் பனிமலைக்குப் போகும். ஞாயிறு மாலை திரும்பும். இடைப்பட்ட நேரத்தில் சாரதிக்கு வேலை இல்லை. ஊழியர் விடுதியில் மேலும் கீழுமாகக் கட்டில் போட்ட ஓர் அறை கொடுப்பார்கள். கம்பியில் தொங்கிக்கொண்டு மலை உச்சிக்குப் போகிற கதிரைகளில் ஏறுவதற்கு இலவசச் சீட்டும் கொடுப்பார்கள். மற்றச் சாரதிமார் அந்தச் சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போர்த்துப் படுத்துவிடுவார்கள். மச்சாள் முதல் வாரமே எழும்பி வெளியே போய்விட்டார். "உள்ளுக்கை இருந்து விறைக்கிறதை வெளியிலை போய் விறைச்சால் என்ன?" என்பதுதான் அவர் சொன்ன காரணம். அடுத்த வாரம், மேல் கட்டில் சும்மா கிடக்கிறது என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். நான் அப்போது இரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். வாரம் முழுவதும் ஜன்னல் இல்லாத அறையில் மற்றவர்களுடைய இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்த வெள்ளை மலையை முதன்முதலாகக் கண்டபோது அழுகை வந்தது. குளிருக்குக் கண்ணால் தண்ணீர் வருகிறது என்று மச்சாளிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

இரண்டு பேரும் ஒன்றாகவே விழுந்து, ஒன்றாகவே எழும்பிப் பழகினோம். எங்கள் முதல் பெரிய பிழையையும் ஒன்றாகவே செய்தோம். எங்கள் அம்மாமார் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்குகிற விதம் எல்லாருக்கும் தெரியும். "வளருற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா எடுப்பம்" என்பார்கள். நுனியில் பஞ்சை அடைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். கால் ஒருவழியாகச் சப்பாத்தின் அளவுக்கு வந்து சேரும்போது சப்பாத்து வாயைப் பிளந்திருக்கும். அப்படி வளர்ந்த நாங்கள், ஒரு பாடசாலை மண்டபத்தில் பழைய பனிச்சறுக்குச் சாமான்கள் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், முதல் நரை கண்ட வயதில், ஆளுக்கொரு சோடி பெரிய பூட்ஸாகப் பார்த்து எடுத்து வந்தோம். குளிருக்கு இரண்டு காலுறை போடலாமே என்பது எங்கள் கெட்டித்தனம். பனிச்சறுக்கில் கால் திரும்பினால் பூட்ஸ் திரும்ப வேண்டும், பூட்ஸ் திரும்பினால் அதன் கீழே பூட்டிய பலகை திரும்ப வேண்டும். எங்களுக்கோ கால் மட்டும் உள்ளுக்குள் திரும்பியது. பூட்ஸும் பலகையும் தம்பாட்டில் நேரே போய் வேலியில் முட்டின. அந்தக் குளிர்காலம் முழுவதும் பெருவிரல் நகங்கள் கறுத்துக் கிடந்தன, நாங்கள் எங்களைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசி வாரம் மச்சாளின் பூட்ஸ் கொளுக்கி உடைந்துபோக, அவர் அளவான பூட்ஸ் ஒரு சோடியை வாடகைக்கு எடுத்துப் போட்டுப் பார்த்தார். சரிவின் நடுவில் நின்று அவர் சிரித்த சிரிப்பு கீழே நின்ற எனக்குக் கேட்டது. "எங்களுக்கு இனி எங்கை மச்சாள் வளர்த்தி? இண்டைக்கு இருக்கிற காலுக்கு வாங்குவம்!"

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. பூட்ஸுக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. அதைப் புதிதாக, விரல் நுனி இலேசாக முட்டுகிற அளவில் வாங்குவோம். ஸ்கீ என்கிற பலகைகளில்தான் மிச்சம் பிடிப்பது. போன வருடத்து மாதிரிக்கும் இந்த வருடத்து மாதிரிக்கும் பெரும்பாலும் படம்தான் வித்தியாசம் என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டோம். பனி முடிகிற காலத்தில் கடைக்காரருக்கும் இடம் வேண்டும், எங்களுக்கும் பலகை வேண்டும். மச்சாள் பழைய பலகை பார்ப்பது சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல இருக்கும். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்ப்பார், வளைந்திருக்கிறதா என்று. இரண்டு பலகையின் வயிற்றையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் காட்டுவார். ஓரத்து இரும்பில் இன்னும் தீட்டுவதற்கு மிச்சமிருக்கிறதா என்று நகத்தால் தடவுவார். பூட்ஸைப் பிடித்து வைக்கிற பூட்டுக்காக முன்பு போட்ட துளைகளை எங்கேயாவது அடைத்திருக்கிறதா என்று தேடுவார். எல்லாம் சரியென்றால் கடைசியாகக் கையால் ஒரு தட்டு. அந்தத் தட்டு எதற்கு என்று கேட்டேன். "பஸ் டயருக்கும் தட்டுறனான்தானே" என்றார்.

பிறகு ஒரு வருடம் மச்சாளுக்கு வயிற்றில் பெரிய ஆப்பரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் உடம்பு பாதியாகிப் போயிற்று. பஸ்ஸின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் நிறைந்து உட்காருகிற மனுஷி, சோபாவின் மூலையில் போர்வையோடு போர்வையாகக் கிடந்தார். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்றாலும், இனி அவர் மலைக்குப் போகமாட்டார் என்று நாங்கள் எல்லாரும் முடிவு செய்திருந்தோம். அந்த ஏப்ரலில் மலிவு விற்பனைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். மனம் ஆறட்டும் என்று கூட்டிப் போனேன். அங்கேதான் இந்தக் கருநீலக் காற்சட்டையை எடுத்தார், தன்னுடைய பழைய அளவில். மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, விழாமல் இருக்க ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி நடந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் சண்டை பிடித்தேன். "இண்டைக்கு இருக்கிற உடம்புக்கு வாங்கோணும் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்?" அவர் கண்ணாடியில் தன்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, "அது பூட்ஸுக்கு. களிசானுக்கு இல்லை" என்றார். பிறகு என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். "வளருற பிள்ளை."

அந்த ஜூலையில் இடுப்பை மடித்து ஊக்கு குத்திக்கொண்டு, பிள்ளைகள் பழகுகிற சரிவில் இறங்கினார். பனியில் நனைந்து ஊக்கு துருப்பிடித்தது. சில வாரங்களில் மடிப்பு இறுக்குகிறது என்று கழற்றி ஒரு விரல் தள்ளிக் குத்தினார். பிறகு இன்னொரு விரல். ஒவ்வொரு முறையும் விடுதி அறையில் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். அடுத்த வருடம் பனி முடிகிறபோது ஊக்கு இல்லை. பொத்தானைப் போட்டால் மூச்சை இழுக்க வேண்டியிருந்தது. பேர்த்துக்குப் போகும்போது பலகையையும் பூட்ஸையும் விற்றார். களிசானை மட்டும் விற்காமல் எங்கள் கராஜில் மாட்டிவிட்டுப் போனார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் இடது முழங்கால் தசைநார் அறுந்து, சத்திரசிகிச்சை செய்து, இரண்டு குளிர்காலம் வீட்டில் இருந்தேன். எல்லாரும் பனியில் விழுந்ததாக நினைக்கிறார்கள், நானும் திருத்துவதில்லை. உண்மையில் அது தமிழ்ப் பாடசாலை விளையாட்டுப் போட்டியில், அம்மாமாருக்கான கயிறிழுத்தலில் நடந்தது. நாங்கள்தான் வென்றோம். இந்த வருடம் கால் தேறிவிட்டது, ஓகஸ்டில் மெதுவாகத் தொடங்கலாம், ஆனால் மெலிந்த தொடை பழைய பலத்துக்கு வர இன்னும் ஒரு வருடம் பிடிக்கும் என்று உடற்பயிற்சி வைத்தியர் சொன்னார். பழைய பலகைகளைப் பழுதுபார்க்கக் கொண்டுபோனால், பூட்டு மிகவும் பழசாகிவிட்டது, இனி அதைத் தொடமாட்டோம் என்று திருப்பித் தந்துவிட்டார்கள். ஆகவே புதிது வாங்க வேண்டும். இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். கடைக்குக் காரில் போகும்போது இவர் வீதியைப் பார்த்தபடி கேட்டார். "இந்த வயசிலை உமக்கு ஏன் இந்தச் சோலி? மச்சாளும் பேர்த்துக்குப் போயிட்டா. இனி ஆரோடை போகப்போறீர்?" கேட்ட விதத்தில் கோபம் இல்லை, அக்கறைதான் இருந்தது.

கடையில் ஜப்பான் மலைகளின் ஆழமான தூள்பனிக்குப் போகிறவர்களுக்கான அகலமான பலகைகள் வாசலிலேயே அழகாக நின்றன. அவற்றை நான் ஏறிட்டும் பார்க்கவில்லை. எங்கள் பனி காலையில் கண்ணாடி, மத்தியானத்தில் கஞ்சி. அதற்கு நடுத்தர அகலம் போதும். பின்சுவரில் போன வருடத்து மிச்சங்கள் இருந்தன. என் கைக்கு எட்டும் விலையில் இரண்டு சோடிதான் அகப்பட்டது. ஒன்று என் நாடி வரைக்கும் வந்தது. மெத்தென்று வளையக்கூடியது, சொன்னபடி கேட்கும். மற்றது மூக்கு நுனி வரைக்கும் வந்தது. விறைப்பானது, என் பழைய கால் கேட்டு வாங்கியிருக்கும் பலகை. கடையில் நின்ற பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும். முன்பு எந்தச் சரிவுகளில் போனேன், வைத்தியர் என்ன சொன்னார் என்று நிதானமாகக் கேட்டார். சின்னது இந்த வருடம் என்னைத் தாங்கும், அடுத்த வருடம் சலித்துவிடும் என்றார். பெரியது முதல் சில நாட்கள் என்னை நன்றாக வேலை வாங்கும், ஆனால் பல வருடம் கூட வரும் என்றார். முடிவை என்னிடமே விட்டுவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போனார்.

இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது. பெரியதை வாங்கிக் கால் தேறாவிட்டால், அது கராஜில் நின்று ஒவ்வொரு நாளும் என்னைப் பார்த்துச் சிரிக்கும். சின்னதை வாங்கினால் பயம் இல்லை. ஆனால் இனி என் அளவு இவ்வளவுதான் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல இருக்கும், அதைவிடப் பலகை வாங்காமலே வீட்டுக்குப் போகலாம். மச்சாளின் சட்டத்தில் பூட்ஸுக்கு ஒரு விதி, களிசானுக்கு ஒரு விதி. ஸ்கீ எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவே இல்லை. ஒரு கண்ணை மூடிப் பெரிய பலகையை நீளவாக்கில் பார்த்தேன். வயிற்றை வயிற்றோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். புதுச் சாமானில் அப்படிப் பார்க்க ஒன்றும் இல்லை என்பது தெரியும். கடைசியாக, அறியாமலே, கையால் ஒரு தட்டுத் தட்டினேன். தட்டிய பிறகு சின்னதைச் சுவரில் சாத்திவிட்டேன்.

பூட்டை மட்டும், விழுந்தால் உடனே விட்டுவிடும்படி, மெதுவாகத் தொடங்குகிறவர்களுக்குரிய அளவில் வைக்கச் சொன்னேன். கால் பலத்துக்கு வந்த பிறகு கொண்டுவந்தால் கூட்டித் தருவதாகச் சொன்னார்கள். அதற்கு ஒரு சிறு திருகாணிதான், இன்னும் திருப்ப நிறைய இடம் இருந்தது. இவர் பலகைகளைத் தோளில் வாங்கிக்கொண்டு, "இது காருக்குள்ளை போகுமோ?" என்று மட்டும் கேட்டார். முன்சீற்றைச் சாய்த்து, நான் பின்னால் இருந்துகொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பேர்த்துக்குத் தொலைபேசி எடுத்து, இரண்டு சோடியைப் பற்றியும் மச்சாளுக்குச் சொன்னேன். குசினியில் எதுவோ பொரிகிற சத்தம் கேட்டது.

"எதை எடுத்தனீர்?"

"நீளமானதை."

பொரிகிற சத்தம் தணிந்தது. அடுப்பைக் குறைத்தார் போல.

"என்ரை களிசான் உங்கைதானே கிடக்கு? போட்டுப் பாரும்."

தொலைபேசியைச் சத்தமாக வைத்துவிட்டு, கராஜில் நின்றபடியே மாட்டினேன். இடுப்பு கழன்று கீழே போயிற்று. பெரிதாக இருக்கிறது என்றேன். பெரிதாகத்தான் இருக்கும் என்றார். எனக்கு வளர வேண்டியது இடுப்பு இல்லை, தொடை என்று விளங்கப்படுத்தினேன். அதெல்லாம் ஒன்றாகத்தான் வளரும் என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஓகஸ்டில் இரண்டு கிழமைக்கு வருகிறேன், கீழே நின்று பார்க்க மட்டும்தான் என்றார். மறுமுனையில் அடுப்பு நின்றது.

"பூட்ஸ் வாடகைக்கு எடுக்கலாம்தானே, மச்சாள்?" என்று கேட்டார்.

"எடுக்கலாம். அளவானதா எடுப்பம்."

"அப்ப சரி. ஊக்கைக் குத்தும், வளருற பிள்ளை."

மேசை லாச்சிக்குள் ஒரு புது ஊக்கு கிடந்தது. பட்டியை மடித்து, உள்ளே கிடந்த முதல் துருக் கறையில் வைத்து அழுத்தினேன். பழைய துளை இன்னும் மூடவில்லை, ஊக்கு சிரமமில்லாமல் இறங்கியது. அடுத்த கறை அங்கிருந்து ஒரு விரல் தள்ளி இருந்தது.