வள்ளிக்கு மாத்திரை கொடுத்த ஜோதி

மாடியில் மிளகைக் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது பூண்டியிலிருந்து தம்பி போன் செய்தான். "அக்கா, ஜோதி போயிட்டாக்கா" என்றான். கேரட் கழுவுகிற இடத்தில் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவேயில்லையாம். முருகா என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வருவதற்குள் அவன் அடுத்ததைச் சொன்னான். "காலை மாத்திரையை வள்ளிக்குக் குடுத்துட்டுத்தான் போயிருக்கா. சாயங்கால மாத்திரை எது, எங்க வச்சிருக்கான்னு தெரியலக்கா." மனைவி செத்த நேரத்தில் இதையா கேட்பான் என்று நினைக்காதீர்கள். அந்த வீட்டில் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

பதினாறாம் நாள் காரியத்தில் சொந்தபந்தம் எல்லோரும் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். ஓயாமல் பேசுகிற நான் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜோதி மகள் வள்ளிக்கு இப்போது பத்து வயது. கோபம் வந்தால் அவளுக்கு ஆள் தெரியாது. அடிப்பாள், கடிப்பாள், தலையைச் சுவரில் முட்டுவாள். இரண்டு பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். மதுரை டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகுதான் பிள்ளை ஒரு இடத்தில் உட்கார்ந்து சோறு தின்றது. உடம்பும் போட்டது. மத்தியானம் தூங்கி வழிந்தது. "பிள்ளைய மயக்கிப் போட்டுட்டுக் காட்டு வேலைக்குப் போறா" என்று ஊரில் பேசினார்கள். நானும் பேசினேன்.

ஒரு நாள் நானும் ஜோதியும் வள்ளியும் மதுரைக்குப் போக வெள்ளனே பஸ் ஏறினோம். முன் சீட்டுக்காரம்மா முடியை வள்ளி பிடித்து இழுத்துவிட்டாள். அந்த அம்மா திரும்பி, "வளப்பு சரியில்ல" என்றார். எனக்கு மானம் போனது. ஜோதி, "ஆமாக்கா, சரியில்லதான். அதுக்குத்தான் மாசாமாசம் மலையெறங்கிப் போயி கத்துக்கிட்டு வாறேன். நீங்க அந்தச் சன்னல் பக்கம் தள்ளிக்கங்க, வளையல் போட்ட கையையும் அவ விட மாட்டா" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாவும் சிரித்தபடி தள்ளி உட்கார்ந்தார்.

மாத்திரையை அவள் ஒருநாளும் ஒளித்துக் கொடுத்ததில்லை. "பஞ்சாமிர்தத்துல வச்சுக் குடுடி, தெரியாம முழுங்கிரும்" என்று நான் சொன்னேன். "ஏமாத்திக் குடுத்தா நாளைக்கு என் கையில சோறும் வாங்க மாட்டா, மதினி. கசக்கும்னு சொல்லித்தான் குடுப்பேன்" என்றாள். சொல்லித்தான் கொடுத்தாள். பிள்ளையும் முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கும்.

இனி சொல்லப்போவது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. போன மார்கழியில் வள்ளியைப் பண்ணைக்காட்டுக்கு என் வீட்டுக்கு அழைத்துப் போனேன். நான் தைப்பூசத்துக்கு மாலை போட்டிருந்தேன். பிள்ளைக்கும் மாலை போட்டுவிட்டேன். விரதத்தில் இருக்கிற பிள்ளைக்கு மூளையை மந்தமாக்குகிற மாத்திரை எதற்கு, பழனிக்கு நடந்து போய் முருகன் காலில் பிள்ளையைப் போட்டால் சரியாகிவிடும் என்று நம்பினேன். மாத்திரை அட்டைகளை முருகன் படத்துக்கு அடியில் வைத்துப் பூப் போட்டேன். ஜோதி போனில் கேட்டபோதெல்லாம், "குடுத்துட்டேன்" என்றேன்.

நாலு நாள் பிள்ளை ஓடியாடிச் சிரித்தது. பக்கத்து வீடுகளில் பெருமை பேசினேன். பிறகு தூக்கம் போனது. ஒன்பதாம் நாள், கழுத்தில் மாலை உறுத்துகிறது என்று அறுத்துப் போட்டது. சாமி மாலையை அறுக்கலாமா என்று நான் கையைப் பிடித்தேன். என் கையைக் கடித்துவிட்டு, வாசற்படிக் கல்லில் நெற்றியை முட்டியது. நான் பிடிக்கப் பிடிக்க முட்டியது. ஆறு தையல்.

ஜோதி ஜீப் பிடித்து வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் படத்தடியில் இருந்த அட்டைகளை எடுத்து, பூவைத் தட்டிவிட்டாள். அதற்குப் பக்கத்தில் என் சர்க்கரை மாத்திரை டப்பா இருந்தது. அதைப் பார்த்தாள்.

"மதினி, மாலை போட்டதுக்கப்புறம் நீங்க இத நிறுத்துனீங்களா?"

நிறுத்தவில்லை. தினமும் கஞ்சிக்கு முன்னால் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஜோதி அட்டைகளைப் பையில் போட்டாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். அதன் பிறகு வள்ளியை ஒரு நாள்கூட யார் வீட்டிலும் விட்டதில்லை.

சித்திரையில் அவளுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சில் வால்வு பழுது, ஆபரேசன் செய்து பத்து நாள் படுக்க வேண்டும் என்றார்கள். பார்க்கப் போனபோது, "எப்ப போயி படுக்கப் போற?" என்றேன்.

"உங்க தம்பி லோடு ஏத்திக்கிட்டு ஊரு ஊராப் போறாரு. இவள யாருகிட்ட மதினி விடுறது?"

"நான் இருக்கேன்ல."

பிள்ளை நெற்றியில் இருந்த தழும்பைப் பார்த்தாள். "இருக்கீங்க மதினி" என்று சொல்லிவிட்டு, வள்ளியின் வாயைத் துடைக்கப் போய்விட்டாள். ஜீப் பிடித்து வந்த அன்று அவள் என்னைத் திட்டியிருந்தால் காலில் விழுந்தாவது ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். 'பார்த்துக்கொள்கிறேன்' என்று இன்னொரு முறை சொல்ல என் வாய்க்குத் தகுதி இல்லை. ஆவணியில் போய்விட்டாள். விதி என்று நீங்கள் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். முருகனிடம் நானும் அப்படித்தான் சொல்லிப் பார்க்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

இப்போது பூண்டியில் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். டாக்டர் சீட்டைத் தம்பி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறான். நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கிறேன். கசக்கும் என்று சொல்லியே கொடுக்கிறேன். ஆனால் என் கையால் கொடுத்தால் அவள் வாயை இறுக்கிக்கொள்கிறாள். மூன்று நாளுக்கு ஒரு நாள் உள்ளே போகிறது. மற்ற நாட்களில் பழையபடி சுவர்தான்.

"அம்மா வந்து குடுக்கட்டும். அம்மா எப்ப வருவா?" என்று கேட்கிறாள். நாளைக்கு வருவாள், நீ இதைப் போட்டுக்கொண்டால் வருவாள் என்று சொல்லச் சொல்லி அக்கம்பக்கத்தில் எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். சொன்னால் விழுங்கிவிடுவாள் என்று எனக்கும் தெரியும். ஜோதியிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று: இந்தப் பிள்ளையிடம் பொய் சொல்லக் கூடாது.

"அம்மா வர மாட்டா தாயி. செத்துப் போயிட்டா" என்று நேற்றுச் சொன்னேன். மாத்திரையைத் துப்பிவிட்டாள். இன்று காலையும் கேட்டாள். இன்றும் அதையே சொன்னேன்.