ஆம்ஸ்டர்டாமில் இரண்டு கட்டில் அறை

இந்தப் பயணத்துக்கு நாங்கள் ஹோட்டல் தேடத் தொடங்கியது மொன்ட்ரியாலில், சில வருடங்களுக்கு முந்திய ஒரு குளிர்காலத்தில். அப்போதுதான் நானும் என் சிநேகிதியும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தோம். சிநேகிதி என்றாலும் என்னைவிட வயதில் நன்றாக மூத்தவர், அதனால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் யாழ்ப்பாணம், அவர் மட்டக்களப்பு. நகரத்தின் நடுவில் உள்ள ஒரு பெரிய ஹோட்டலில் இருவரும் அறைகளைத் துப்புரவு செய்தோம். ஒரே மாடி, ஒரே தள்ளுவண்டி. சண்டை பிடித்த நாட்களிலும் அந்த வண்டியைச் சேர்ந்துதான் தள்ள வேண்டியிருந்தது.

வேலையில் இருந்த காலத்தில் ஒருநாள் யாரோ ஒரு விருந்தாளி விட்டுப்போன பயணச் சஞ்சிகையில் ஆம்ஸ்டர்டாம் ஹோட்டல் ஒன்றின் படத்தை அக்கா பார்த்தார். கால்வாய்க் கரையில் ஒடுங்கி உயர்ந்த பழைய வீடு, நீளமான ஜன்னல், அதன் அருகே வெள்ளைக் கட்டில். படத்தைப் பார்த்துவிட்டு, "வேற ஆராவது விரிச்சுப் போட்ட கட்டில்ல ஒருக்காப் படுத்து எழும்போணும் புள்ள" என்றார். அந்த ஆசை அன்றைக்குத்தான் எங்கள் இருவரையும் பிடித்தது.

எல்லோரும் பாரிஸ், லண்டன் என்று போகும்போது ஏன் ஒல்லாந்து என்று என் மகன் கேட்டான். அதற்கும் அக்காவிடம் பதில் இருந்தது. அவர் படிக்கும் காலத்தில் தினமும் மட்டக்களப்பு ஒல்லாந்தர் கோட்டையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போவாராம். எங்கள் ஊரில் வந்து இவ்வளவு தடித்த சுவர் கட்டினவர்கள், தங்கள் ஊரில் எப்படி வீடு கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம்.

ஓய்வு பெற்ற அந்தக் குளிர்காலம் முழுக்க ஹோட்டல் தேடுவதுதான் எங்கள் வேலை. நான் ரொக்ஸ்பரோவில் மகன் வீட்டில் இருந்தேன். அங்கிருந்து அக்கா இருந்த பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போய், அவர் வீட்டுக்குக் கீழே இருக்கும் தெபனர் என்ற மூலைக்கடையில் பால் வாங்கிக்கொண்டு படியேறுவேன். அவர் தேநீர் ஊற்றுவார். குசினி மேசையில் டேப்லெட்டை வைத்து ஒவ்வொரு ஹோட்டலாகப் பார்ப்போம்.

மற்றவர்கள் பார்க்கிற மாதிரி நாங்கள் பார்க்கவில்லை. நட்சத்திரம் எத்தனை என்பதைவிட, குளியலறைச் சுவரில் பதித்த ஓட்டு இடுக்குகள் வெள்ளையாக இருக்கின்றனவா என்று அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். கடும் நிறத்தில் கம்பளம் போட்ட அறையென்றால் உடனே தள்ளிவிடுவார், அழுக்கை மறைக்கப் போட்டிருக்கிறார்களாம். கடற்கரையில் மாளிகை மாதிரி ஒரு ஹோட்டல் இருந்தது. வரவேற்பு மண்டபத்துக்குப் பத்துப் படம், அறைக்கு ஒரே ஒரு படம். அதுவும் போயிற்று. தெற்கே ஒரு ஊரில் பழைய தேவாலயத்தையே சொகுசு ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். எனக்கு அது நன்றாகப் பிடித்திருந்தது. அக்கா வேதக்காரர், ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். "கோயிலுக்குள்ள படுத்துக் குறட்டை விடச் சொல்றியா?" என்று கேட்டார். நான் அடுத்த ஹோட்டலைத் தேடினேன்.

கடைசியில் ஆம்ஸ்டர்டாமில் ஒன்று அமைந்தது. கால்வாய்க் கரை வீடு, ஆனால் லிஃப்ட் உண்டு. 'கால்வாய் பார்த்த அறை' என்று போட்டுவிட்டு, எட்டிப் பார்த்தால் மட்டும் தண்ணீர் தெரிகிற அறையைக் கொடுப்பார்கள் என்று அக்காவுக்குச் சந்தேகம். மகனைக் கொண்டு கேட்டு எழுதினோம். கட்டிலில் படுத்தபடியே தண்ணீரைப் பார்க்கலாம் என்று பதில் வந்தது. இரண்டு தனிக் கட்டில், காலைச் சாப்பாடு, சித்திரையில் ரியூலிப் பூக்கும் காலம். அறையை எடுத்துவிட்டோம். அன்றைக்கு அக்கா ஜன்னலோரக் கட்டில் தனக்குத்தான் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

பயணத்துக்குச் சில கிழமைகள் இருக்கும்போது பனி உருகி மறுபடியும் உறைந்தது. வீட்டு வாசலில் இருக்கும் இரும்புப் படியில் அக்கா வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாகிவிட்டது. டொரொன்டோவில் இருந்த அவர் மகள் ஓடி வந்தாள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா மயக்கம் தெளிந்து படுத்திருந்தார். என் கையைப் பிடித்து, "நீ போ புள்ள" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆனால் அதை ஒரு உபசாரப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆட்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? அவர் இடுப்பு முறிந்து கிடக்க நான் மட்டும் எப்படிப் போய் ஆம்ஸ்டர்டாமில் காலை நீட்டிப் படுப்பது? வீட்டுக்கு வந்ததும் மகனிடம் சொல்லி அறையை ரத்துச் செய்தேன். கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் நல்ல காரியம் செய்தாய் என்றார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் அக்காவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தார். குடிக்க ஏதாவது சூடாகக் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்.

காரணம் எனக்குத் தெரியவந்தது சித்திரையில், நாங்கள் புறப்பட்டிருக்க வேண்டிய நாட்களில். அக்கா அப்போது நடைப்பயிற்சி கொடுக்கும் இடத்தில் இருந்தார். நான் சோறு கட்டிக்கொண்டு போயிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நீ போயிருந்தா நான் இஞ்ச கிடந்து ஒவ்வொரு நாளும் பாத்திருப்பன். அதைக் காட்டு, இதைக் காட்டு எண்டு உன்னைக் கேட்டிருப்பன். இப்ப ரெண்டு பேருமே பாக்கல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த சித்திரைக்குக் கட்டாயம் போவோம் அக்கா என்றேன். ஓம் என்றார். பிறகு அவர் வீட்டுக்கு வந்தபின் மறுபடியும் டேப்லெட்டை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தோம். ஆனால் அவர் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டார். நான் எதைக் காட்டினாலும் நல்லாயிருக்கு என்றார்.

கோடையில் மகள் அவரை டொரொன்டோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இலையுதிர் காலத்தில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பிவிட்டார், பேச்சுத்தான் போய்விட்டது. நாங்கள் சொல்வது அவருக்கு விளங்குகிறது என்று வைத்தியர்கள் சொன்னார்கள். எவ்வளவு விளங்குகிறது என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை.

மாசியில் மகள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "அன்ரி, அம்மாக்கு அந்த ஹோட்டல் படத்தைக் காட்டினா கன நேரம் பாத்துக்கொண்டே இருக்கிறா. நீங்க ஒருக்காப் போய்ட்டு வாங்களன்" என்றாள். இந்தமுறை நான் யோசிக்கவில்லை, சித்திரைக்கு அறையை எடுத்துவிட்டேன்.

அதே ஹோட்டல், அதே அறை. தனியாக வந்திருப்பதைப் பார்த்து, இரண்டு கட்டிலையும் சேர்த்துப் போடட்டுமா என்று வரவேற்பில் நின்ற பெண் கேட்டாள். வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும் என்றேன். அறைக்குள் போனதும் மனம் இருந்த நிலையையும் மீறி எனக்கு ஒரு மகிழ்ச்சி வந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை. விரிப்பு அப்படி ஒரு குளிர்ச்சி. காலை நீட்டிப் படுத்தேன். படுத்தபடியே தண்ணீரைப் பார்த்தேன். ஒரு படகில் யாரோ சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனார்கள். காலையில் கீழே போனால் வெண்ணெய் பூசிய பாணில் சொக்லேட் தூளைத் தூவி, கோட்டும் டையும் போட்ட பெரிய மனிதர்கள் குழந்தைகளைப் போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் தூவிச் சாப்பிட்டேன். பக்கத்தில் திரும்பிச் சிரிக்க ஆளில்லை. மேலே வந்தபோது அறை துப்புரவு செய்ய ஒரு பெண் வந்திருந்தாள். பழக்கதோஷத்தில் நானே கட்டிலை விரித்துவிட்டுப் போயிருந்தேன். அவள் விரிப்பின் மூலைமடிப்பைப் பார்த்து, நீங்களும் இந்த வேலைதானா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இருவரும் சிரித்தோம்.

அன்று பிற்பகல் வீடியோவில் அழைத்தேன். டொரொன்டோவில் அப்போது காலை. மகள் தொலைபேசியை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஜன்னலைக் காட்டினேன், தண்ணீரைக் காட்டினேன். குளியலறைக்குப் போய் ஓட்டு இடுக்கைக் கிட்டப் பிடித்துக் காட்டினேன். முழங்காலிட்டுக் கட்டிலுக்குக் கீழேயும் காட்டினேன், ஒரு பொட்டுத் தூசியும் இல்லை. அக்காவின் உதட்டின் ஒரு பக்கம் மெல்ல மேலே போயிற்று. "அம்மா சிரிக்கிறா" என்றாள் மகள்.

பிறகு அக்கா நல்ல கையை உயர்த்தி எதையோ சுட்டினார். ஜன்னலா அக்கா என்று கேட்டு அந்தப் பக்கம் திருப்பினேன். தலையை ஆட்டி இல்லை என்று காட்டினார். கட்டிலா, விளக்கா, கதவா? ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் இல்லை. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, எனக்கும் விளங்கவில்லை, மகளுக்கும் விளங்கவில்லை. கடைசியில் கையைக் கீழே போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா களைத்துப்போனா என்று மகள் சொன்னாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டு வெகுநேரம் அந்த அறையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் எதைப் பார்க்க ஆசைப்பட்டார் என்று தேடினேன். முதல் வருடமே போயிருந்தால் அவர் அதை வாயால் சொல்லியிருப்பார். சொன்ன உடனே காட்டாவிட்டால் என்னை ஏசியும் இருப்பார்.

அக்கா இப்போதும் டொரொன்டோவில் மகளோடு இருக்கிறார். போகும்போதெல்லாம் பக்கத்தில் இருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை எல்லாம் சொல்வேன். ஆனால் யாராவது என்னிடம் "நீ போ" என்று சொன்னால், அதை இப்போது நான் உபசாரம் என்று எடுத்துக்கொள்வதில்லை. ஏன் போகச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அந்த ஒரு கேள்வியை அக்காவிடம் கேட்காமல் வந்தது இன்னும் என் நெஞ்சில் அப்படியே கிடக்கிறது.