இரண்டாந்தரம் யாரும் கேட்கவில்லை

வெள்ளகோவில் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் காபி குடிக்கிறீர்களா என்று கேட்பார்கள். உடனே சரி என்று தலையாட்டினால் அவன் வெளியூர்க்காரன். உள்ளூர்க்காரன் “வேண்டாங்க, இப்பத்தானுங்க குடிச்சேன்” என்பான். “அட, ஒரு வாய் குடிங்க” என்று வீட்டுக்காரர் இன்னொரு தரம் கேட்பார். அப்புறம்தான் டம்ளர் கைக்கு வரும். இந்த மண்ணாங்கட்டி மரியாதையை நம்பித்தான் பொங்கியண்ணன் கெட்டார்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. பிழைப்புக்குத் தண்ணீர் டிராக்டர் ஓட்டினார். சுற்றுவட்டாரத்தில் எந்த மில் குடோனில் தீப்பிடித்தாலும், தீயணைப்பு வண்டி வருவதற்குள் டேங்கரோடு போய் நின்றுவிடுவார். அவரைப்போல இருபது முப்பது பேர் உண்டு. மில்காரர்கள் சேர்ந்து அவர்களுக்குத் தீயணைப்புத் தொண்டர் சங்கம் என்று ஒரு பெயரும் ஒரு சிவப்பு பனியனும் கொடுத்திருந்தார்கள். சம்பளம் கிடையாது. பொங்கியண்ணன் அந்த பனியனை முப்பத்தொரு வருஷம் போட்டார்.

பஞ்சில் பிடிக்கிற தீ இருக்கிறதே, அது கேடுகெட்ட தீ. வெளியே அணைந்தாலும், பேல் என்கிற இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதிக்குள்ளே மூன்று நாள் கனிந்துகொண்டே இருக்கும். தீயணைப்பு வண்டி போய்விடும், முதலாளி போய்விடுவார், வேடிக்கை பார்த்தவர்களும் போய்விடுவார்கள். பொங்கியண்ணன்தான் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பேலிலும் கையை விட்டுச் சூடு பார்ப்பார். சுடுகிற பேலைக் கொக்கி போட்டு இழுத்துப் பிரித்து நனைப்பார். துண்டு எந்தப் புகையைத் தடுத்தது? இப்போது டிராக்டரில் ஏறினால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஐந்து நிமிஷம் மூச்சு வாங்குகிறார். வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின் வைத்தாக வேண்டும் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். அதன் மாத வாடகை அவரால் ஆகிற காரியமில்லை.

இதே நோயில் பஷீர் என்கிற தொண்டர் ஆறு வருஷத்துக்கு முன்னால் இருமி இருமிச் செத்தார். சங்கம் ஒரு மாலை அனுப்பியது. அந்த மாலையைப் பார்த்த அன்றைக்குத்தான் பொங்கியண்ணன் கிளம்பினார். வயசான தொண்டர்களுக்கு ஓய்வுகால உதவி நிதி வேண்டும், மாதாமாதம் கைக்கு வர வேண்டும் என்று மில் மில்லாக நடந்தார். வாட்ச்மேன் ரூமில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார். “பஷீருக்கு ஆனது இனி ஒருத்தருக்கும் ஆவக்கூடாதுங்க” என்று சொன்னாரே ஒழிய, எனக்கும் நெஞ்சு போச்சு என்று ஒரு இடத்திலும் வாய் திறக்கவில்லை. சொன்னால் என்ன, நாக்கா அழுகிப்போகும்?

அவருடைய மனைவி காளியாத்தாளுக்கு எல்லாம் தெரியும். ஒருவழியாக மில்காரர்கள் ஒத்துக்கொண்டு நிதி வருகிறது என்றதும் கட்டில் பக்கத்தில் பிளக் இருக்கிற மூலையை மிஷினுக்காக ஒழித்து வைத்துவிட்டாள்.

நிதியைத் தொடங்கி வைக்கிற கூட்டம் மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. சங்கத் தலைவர் வரதராஜுலுவுக்கு இரண்டு மில். பிறந்து வளர்ந்தது எல்லாம் இதே மண். அவருக்குத் தெரியாத வழக்கம் ஒன்றுமில்லை. நிதி வாங்கத் தகுதியுள்ளவர்கள் பத்துப் பேர். பத்துப் பேரும் வாங்கினால் மில்காரர்கள் இன்னும் பணம் போட வேண்டியிருக்கும்.

வரதராஜுலு மைக்கைப் பிடித்தார். “இந்த நிதி வரக் காரணமே நம்ம பொங்கியண்ணன். மொதல்ல அவரையே கேட்டுப்போடலாம். ஏனுங்க, உங்களுக்கு மாசாமாசம் குடுத்தரலாங்களா?”

முந்நூறு பேர் பார்க்கிறார்கள். பொங்கியண்ணன் கூசிப்போய் எழுந்தார். “எனக்கெதுக்குங்க, செரமப்படறவங்களுக்குக் குடுங்க” என்றார். சொல்லிவிட்டு நின்றார். அட அதெப்படிங்க, நீங்க வாங்கித்தான் ஆகோணும் என்கிற அடுத்த வார்த்தைக்காக நின்றார்.

வரதராஜுலு அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. “இந்த மனசு யாருக்குங்க வரும்?” என்று கையைத் தட்டினார். மண்டபமே தட்டியது. பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். செயலாளர் ஒரு காகிதத்தை நீட்டினார். பொங்கியண்ணன் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு மற்றவர்களைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? பொங்கியண்ணனே வேண்டாம் என்றபிறகு எட்டுப் பேரும் எனக்கும் வேண்டாம் என்றார்கள். வால்பாறை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்து வெல்டிங் கடை வைத்திருக்கிற ஜெரோம் மட்டும், “எனக்கு வேணும் சார், முழங்கால் போச்சு” என்றான். திருடனைப் பார்ப்பதுபோல எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு அந்த மண்டபத்தில் புத்தியோடு பேசியது அவன் ஒருத்தன்தான்.

வீட்டில் காளியாத்தாள் பொன்னாடையைத் தொடவில்லை. “இதை மூக்குல வெச்சா மூச்சு வருமாக்கும்?” என்றாள். “அவரு இன்னொருக்கா கேப்பாருன்னு நெனைச்சேன்” என்றார் பொங்கியண்ணன். “கேக்க மாட்டாருங்க. நாளைக்குப் போயி, எனக்கு வேணும்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லாம ஊட்டுக்கு வராதீங்க” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

மறுநாள் காலையில் மில் ஆபீஸ் மாடிப்படியில் நாலு இடத்தில் நின்று நின்று ஏறினார். முந்தாநாள் பின்பக்கக் குடோனில் பிடித்த தீயின் நாற்றம் இன்னும் போகவில்லை. “வாங்க வாங்க, காபி சாப்படறீங்களா?” என்றார் வரதராஜுலு. “வேண்டாங்க” என்று வாய் தானாகச் சொன்னது. “சரிங்க” என்று அவர் ஃபைலைப் பார்த்தார்.

பொங்கியண்ணன் மேஜையைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னார். “தலைவருங்க, எனக்கு அந்த நிதி வேணுமுங்க.”

வரதராஜுலு சிரித்தார். “ஊட்டுல அம்மணி சொல்லி அனுப்புனாங்களாக்கும்? உங்களப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா? நேத்துச் சபையில சொன்னதுதானுங்க உங்க மனசு.”

“இல்லீங்க, மூச்சு...”

“பேப்பர்ல போட்டோ வந்திருச்சுங்க. இப்ப மாத்துனா அசிங்கம் உங்களுக்குத்தானுங்க. உங்களப் பாத்து விட்டுக்குடுத்த எட்டுப் பேரு என்ன நெனைப்பாங்க? நீங்களே கையெழுத்தும் போட்டிருக்கறீங்க.”

ஃபைலில் அந்தக் காகிதம் இருந்தது. ‘மனமுவந்து விட்டுக்கொடுக்கிறேன்’ என்று அதில் சுத்தமாக டைப் அடித்திருந்தது. பொங்கியண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டத்தில் பொன்னாடை போர்த்திய கையோடு நீட்டிய காகிதம் அது. அவர் என்ன சொல்வார் என்று தெரிந்து முன்னாடியே அடித்து வைத்திருக்கிறார்கள். நாலு வார்த்தை கேட்க நினைத்தார், நெஞ்சில் காற்றில்லை.

அவர் திரும்பும்போது வரதராஜுலு கூப்பிட்டார். “ஏனுங்க, வந்ததே வந்தீங்க, பின்னாடி குடோன்ல இன்னும் பொகையிது. புதுசா வந்த ஆளுகளுக்குப் பேல்ல கைய வெச்சுப் பாக்கத் தெரியலீங்க. ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறீங்களா?”

“பாக்கறனுங்க” என்றார் பொங்கியண்ணன். அதை மட்டும் ஒரே தரத்தில் சொன்னார்.

குடோன் வாசலில் துண்டை நனைத்துக் கட்டும்போது போன் அடித்தது. காளியாத்தாள். “சொல்லிப்போட்டீங்களா?”

“சொல்லிப்போட்டேன்.”

“என்னங்கறாங்க?”

உள்ளேயிருந்து புகை வந்தது. அவர் இருமி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“இங்க கொஞ்சம் வேலை இருக்குது. முடிச்சுப்போட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனைப் பையில் போட்டார்.