சாரதி தின்ற ஒற்றை ரோல்ஸ்

சட்டை தொளதொளத்த எங்கள் பேருந்துச் சாரதி, புதுக்குடியிருப்புத் தேநீர்க்கடையில் உள்ளே கறி வைத்துப் பொரித்த ஒரேயொரு ரோல்ஸைக் கண்மூடி மென்றுகொண்டிருந்தார். பத்து நிமிடமாயிற்று. என்னுடைய இரண்டும் எப்போதோ முடிந்துவிட்டன.

"அண்ணை, கெதியாச் சாப்பிடுங்கோவன்!" என்றேன்.

கடைசித் துண்டையும் ஆறுதலாக விழுங்கிவிட்டுச் சிரித்தார்.

"முந்தி கெதியாத்தான் திண்டனான், தங்கச்சி. ருசி பிடிபடுறதுக்குள்ள நாலு முடிஞ்சிடும், அஞ்சாவதுக்குக் கை போகும். கிளினிக்கில ரோல்ஸை விடச் சொன்னவை. நான் அவசரத்தை விட்டனான். இப்ப ஒண்டு காணும், ரெண்டாவதுக்குக் கை போகாது."

ஏறி அமர்ந்தவர், ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே கையை விரித்துக் காட்டினார்.

"பாருங்கோ, ஒரு சாண்! முந்தி விரலும் போகாது!"

ஊரே திரும்பிப் பார்க்க ஹோர்னை நீட்டி அடித்தார்.

என் கையில் எண்ணெய்க் கடதாசி மட்டும் இருந்தது. நான் தின்றது மீனா, மரக்கறியா? இன்றுவரை நினைவில்லை.