ஒரு ‘ஓம்’ செய்த வேலை

ஜெர்மனியில் சில வருடங்கள் இருந்துவிட்டு, கலியாணம் பேசி ரொறன்ரோவுக்கு வந்து இறங்கியபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஊரிலிருந்து நேரே வந்தவர்கள் சப்வேயின் ஓடும் படிகளில் கால் வைக்கப் பயந்து நிற்க, நான் கையில் பையுடன் விறுவிறுவென்று இறங்கிப் போவேன். பனியும் எனக்குப் புதிதல்ல. ஐரோப்பாவைப் பார்த்தவளுக்குக் கனடா என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

என் கணவர் எனக்கு நேரெதிர். எண்பதுகளிலேயே அகதியாக வந்து, ஒரு உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவத் தொடங்கி, நான் வந்தபோது அங்கேயே சமையல்காரர் ஆகியிருந்தார். அவருடைய ஆங்கிலம் முழுவதும் அந்தச் சமையலறையில் பிடித்தது. மாட்டிறைச்சியின் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் தெரியும், நாலு பேரை நன்றாக ஏசவும் தெரியும். வங்கிக்கோ வேறு அலுவலகத்துக்கோ போனால் மட்டும் என் முகத்தைப் பார்ப்பார். நான் முன்னால் போய்ப் பேசுவேன். பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்துக்குள் ஜெர்மன் சொற்களும் கலந்து வரும். வங்கிப் பெண்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதில் சொல்வார்கள். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் இருந்தது சென் ஜேம்ஸ் ரவுணில், வானத்தை முட்டும் கட்டடம் ஒன்றில், ஒற்றை அறை வீடு. லிஃப்ற் ஒழுங்காக வேலைசெய்தால் அன்றைக்கு நல்ல நாள். சுவர்களில் ஈரம், குளியலறைக் குழாயில் ஓயாத சொட்டு. ஆனாலும் அந்த வீட்டில் எனக்கு மூச்சு விட முடிந்தது. ஜெர்மனியில் அண்ணா குடும்பத்தோடு நாங்கள் இருந்த சின்ன ஊரில், கீழ்வீட்டில் ஒரு வயதான தம்பதியர். கருவாடு பொரிப்பதென்றால் ஜன்னலை எல்லாம் திறந்து, கதவுக்கடியில் ஈரத் துவாயைத் திணித்து, களவெடுப்பதுபோலப் பொரிப்போம். ஞாயிற்றுக்கிழமையில் துணி தோய்க்கும் இயந்திரத்தைப் போடக்கூடாது. பேசினாலும் மெதுவாக. இங்கேயோ நடைபாதையில் நடந்து போனால் எந்த வீட்டில் மீன்குழம்பு, எந்த வீட்டில் வறுத்த மிளகாய்த்தூள் என்று மூக்கே சொல்லிவிடும். பக்கத்தில் பிலிப்பினோக்காரர், எதிரே ஆபிரிக்கக் குடும்பம், அவர்கள் வீட்டு வாசனை அவர்களுக்கு. எவருக்கும் எவரிலும் அக்கறையில்லாத நகரம் என்று இதைக் குறைசொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த அக்கறையின்மை பெரிய நிம்மதியாக இருந்தது.

அக்கறை உள்ள ஒரே ஆள் இரண்டு வீடு தள்ளி இருந்த மட்டக்களப்பு அன்ரி. நான் பிள்ளைத்தாச்சி என்று தெரிந்த நாளிலிருந்து அன்னாசி தின்னாதே, படியேறாதே, முடியை விரித்துவிட்டுக் கொரிடோரில் நிற்காதே என்று ஒரே புத்திமதி. அந்தக் கட்டடத்துத் தமிழ்ப் பெண்கள் டொக்டரிடம் போகும்போது மொழிபெயர்க்கக் கூடப் போவது அவர்தான். என்னிடமும் வந்து, கிளினிக்குக்குத் துணைக்கு வரட்டோ என்று கேட்டார். எனக்கு மொழிபெயர்ப்பா என்று ரோசம் வந்துவிட்டது. அதோடு அன்ரி கூட வந்தால், என் இரத்த அழுத்தம் எவ்வளவு என்பது பொழுதுபடுவதற்குள் எல்லா மாடிக்கும் தெரிந்துவிடும். வேண்டாம் அன்ரி, நான் சமாளிப்பன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் கணவருக்கு மாலை வேலை என்பதால் காலையில் என்னோடு கிளினிக்குக்கு வந்தார். வழக்கமாகப் பார்க்கும் டொக்டர் ஒரு பிரசவத்துக்காக ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தார். புதிதாக வந்த நேர்ஸ் ஒருத்தி, இளம்பெண், எங்களை உள்ளே கூப்பிட்டு இருத்திவிட்டுக் கேள்விகளைத் தொடங்கினாள். கால் வீங்கியிருக்கிறதா, தலையிடி உண்டா. எல்லாவற்றுக்கும் நான் நிமிர்ந்து இருந்து பதில் சொன்னேன். பிறகு, குழந்தையின் அசைவு குறையவில்லைத்தானே என்று கேட்டாள். நான் ‘யெஸ்’ என்றேன். ஓம், குறையவில்லை என்பது என் கருத்து. அவளுக்கு அது எப்படி விளங்கியது என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

அவள் பேனையை மேசையில் வைத்தாள். நேற்றிலிருந்தா என்று கேட்டாள். நேற்றும் பிள்ளை நன்றாக உதைத்ததுதானே, யெஸ் என்றேன். இன்று காலையும் அப்படியேதானா? யெஸ், அப்படியேதான். காலையில் நான் பாண் சாப்பிட்டு முடிக்கும்வரை விலாவில் இடித்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பற்றித்தான் இவ்வளவும் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. எழும்பிப் போய் யாருக்கோ போன் எடுத்தாள். திரும்பி வந்து என் தோளில் கை வைத்து, இங்கே காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பிரசவப் பகுதிக்குச் சொல்லியிருக்கிறேன், டக்சி வருகிறது என்றாள். தோளில் வைத்த அந்தக் கைதான் என்னைப் பயப்படுத்தியது. அதுவரை கனடாவில் வெள்ளைக்காரர் ஒருவரும் என்னைத் தொட்டுப் பேசியதில்லை.

“என்னவாம்?” என்று கணவர் கேட்டார்.

“தெரியேல்லை. உடனை போகட்டாம்.”

டக்சியில் அவர் என் கோட்டையும் கைப்பையையும் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஓயாமல் பேசுகிற மனிதர். சமையலறைக் கதை, முதலாளி கதை, லொத்தர் விழுந்தால் மார்க்கம் நகருக்கு அப்பால் ஸ்ரௌவ்வில் ஊர்ப்பக்கம் வளவோடு வீடு வாங்குகிற கதை என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு அந்தக் கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்த நேர்ஸ் என்ன கண்டுபிடித்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. என் முகத்தில் ஏதாவது தெரிந்ததோ, கண்ணில் ஏதாவது தெரிந்ததோ என்று மண்டை குழம்பியது. கோட்டுக்கடியில் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தேன். அசைவு இல்லை. மெதுவாகத் தட்டினேன். அப்போதும் இல்லை. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அது உண்மைதான் என்று அந்த இடத்தில் நம்பிவிட்டேன். ஒருக்கா அசை, ஒரேயொருக்கா அசை என்று மனதுக்குள் கெஞ்சினேன். வெளியே பாலிமென்ற் வீதியில் ஆட்கள் பனிச்சேற்றில் கால் வைக்காமல் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லாரிலும் எனக்குக் கோபம் வந்தது.

ஆஸ்பத்திரியில் எங்களைக் காத்து நின்றதுபோல உடனே உள்ளே கொண்டுபோனார்கள். கட்டிலில் படுக்க வைத்தார்கள். நித்திரையில்லாத கண்களோடு ஒரு இளம் டொக்டர் வந்தார். அவரோடு தலை நரைத்த, உயரமான ஒரு நேர்ஸ். அவர் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். டொக்டர் என் பக்கம் குனிந்து, ஆக நேற்றிலிருந்து குழந்தை அசையவே இல்லையா என்று மெதுவாகக் கேட்டார்.

அசையவே இல்லையா? யார் சொன்னது அப்படி? காலையில் என்னைச் சாப்பிடவிடாமல் உதைத்த பிள்ளை அது. அதைச் சொல்ல ஆங்கிலம் வரவில்லை. தமிழும் வரவில்லை. ஒரே ஒரு சொல்தான் வந்தது.

“டொக்” என்று கத்தினேன்.

கணவர் என் கையைப் பிடித்து, “டொக்டர் இஞ்சதான் நிக்கிறார், பயப்பிடாதையும்” என்றார். பாவம், டொக்டரைக் கூப்பிட வாயெடுத்துப் பாதியில் திக்கிவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். நான் அவரைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு இன்னும் பலமாக ‘டொக், டொக்’ என்றேன். இளம் டொக்டர் ஒன்றும் விளங்காமல் நிமிர்ந்தார். ஆனால் நரைத்த தலை நேர்ஸ் வயரைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினார். என் முகத்துக்கு நேரே வந்து, குழந்தை அசைகிறதா என்று ஜெர்மன் மொழியில் கேட்டார். அவர் சின்ன வயதில் பெற்றோரோடு ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்து ரொறன்ரோவிலேயே வளர்ந்தவராம். இது பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஜெர்மனியில் இருந்த காலம் முழுக்க எனக்குப் பாரமாக இருந்த மொழி, அன்றைக்குத்தான் முதல்முறையாக என் வாயில் தடுக்காமல் ஓடியது. காலையில் அசைந்தது, நேற்றும் அசைந்தது, எப்போதும் அசையும், டக்சியில் ஏறிய பிறகுதான் அசையவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அப்படியானால் அசைவு குறைந்துவிட்டதென்று கிளினிக்கில் ஏன் சொன்னீர்கள் என்று அவர் கேட்டார். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றேன். என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றார். சொன்னேன். அவர் அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

நம்மில் ‘ஓம்’ என்பது கேட்ட மனிதருக்குச் சொல்கிற பதில். நீர் சாப்பிடேல்லையோ என்றால், ஓம், சாப்பிடேல்லை. நீங்கள் நினைத்தது சரி என்று அவர் பக்கத்தில் போய் நிற்கிறோம். இதில் என்ன பிழை? ஆங்கிலக்காரர் கேட்டவரைப் பார்ப்பதில்லை, சாப்பாட்டைப் பார்ப்பார்கள். சாப்பிட்டால் யெஸ், இல்லையென்றால் நோ. ஜெர்மன்காரர் இதிலே கெட்டிக்காரர். இல்லையா என்று கேட்பவருக்கு, நீ நினைப்பது பிழை, இருக்கிறது என்று ஒரேயடியாக வெட்டிச் சொல்ல ‘டொக்’ என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அண்ணாவின் சின்ன மகள் பாலர் பள்ளியிலிருந்து அதைக் கொண்டுவந்து, நித்திரை வரவில்லையா என்றாலும் டொக், பால் வேண்டாமா என்றாலும் டொக் என்று என் காது கிழியக் கத்துவாள். அவளிடம் படித்த சொல்தான் அது.

நேர்ஸ் டொக்டருக்கு விளக்கிச் சொன்னார். எதற்கும் பார்த்துவிடுவோம் என்று இரண்டு பட்டிகளை என் வயிற்றில் கட்டினார்கள். எனக்கு விளங்கிவிட்டதே தவிரப் பயம் போகவில்லை. டக்சியில் தட்டியபோது பதில் வரவில்லையே. மெஷினில் முதலில் கரகரவென்ற சத்தம் மட்டும் வந்தது. நேர்ஸ் பட்டியைக் கொஞ்சம் கீழே இறக்கினார். திடீரென்று அறை முழுக்க டும்டும்டும் என்று ஒரே வேகமாக அடிக்கத் தொடங்கியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிள்ளை நல்ல நித்திரை என்று நேர்ஸ் சொன்னார். ஒரு சின்னப் பெட்டி அப்பிள் யூஸ் தந்தார், பல் கூசும் குளிர். அதைக் குடித்துக் கொஞ்ச நேரத்தில், தன்னை எழுப்பிய கோபத்தில் பிள்ளை ஒரு உதை விட்டது பாருங்கள், வயிற்றில் கட்டியிருந்த பட்டியே எழும்பியது. வயிற்றில் பால் வார்த்தது என்பார்கள். எனக்கு வார்த்தது அப்பிள் யூஸ்.

கணவர் அந்தப் பட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொருமுறை எழும்பியபோது, சமையலறையில் படித்த ஏச்சு ஒன்று அவரை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. டொக்டர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகும் நீண்ட நேரம் என்னைப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டே வீட்டுக்கு விட்டார்கள். போகும்போது நேர்ஸ், இனி யாரும் உன்னிடம் ‘இல்லையா’ என்று முடித்துக் கேட்டால் யெஸ்ஸும் வேண்டாம், நோவும் வேண்டாம், முழு வசனமாகச் சொல் என்றார். அதை நான் இன்றுவரை கடைப்பிடிக்கிறேன். என் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

வெளியே வந்தபோது வெயில் எறித்துக்கொண்டிருந்தது. ரொறன்ரோவின் மாசி மாதத்து வெயில், வெளிச்சம் மட்டும்தான், சூடு கிடையாது. டக்சி வேண்டாம், ஸ்ரீற்காரிலேயே போவோம் என்றேன். எனக்கு ஆட்களுக்கு நடுவில் நிற்க வேண்டும்போல இருந்தது. வரும்போது யாரில் எல்லாம் கோபப்பட்டேனோ, அதே போன்ற ஆட்கள்தான் அந்த ட்ராம் தரிப்பில் நின்றார்கள். எல்லாரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள். பிள்ளை உள்ளே இருந்து விலாவில் இடித்துக்கொண்டே இருந்தது. இடிக்கட்டும் என்று விட்டேன்.

கணவர் என் கழுத்துத் துண்டை இறுக்கிச் சுற்றிவிட்டார். பிறகு ஸ்ரீற்கார் வருகிற திசையைப் பார்த்தபடி கேட்டார்.

“நீர் பயப்பிடேல்லைத்தானே?”

“ஓம்” என்றேன்.

எந்த ஓம் என்று அவர் கேட்கவில்லை. கையுறையைக் கழற்றி, இரண்டு கண்களையும் துடைத்துக்கொண்டார்.

“நானும் ஓம்தான்” என்றார்.