பளிச்சம்மா கழுவிய மண் கணப்பு

இரண்டு கைகளும் முழங்கைவரை கணப்பின் வாய்க்குள் போயிருந்தன. ஒரு கையில் கம்பி நார், இன்னொன்றில் சோப்பு. மண்ணால் செய்த கணப்பு அது. பெரிய வயிறு, முன்பக்கம் விறகு வைக்க ஒரு வாய், மேலே புகை போக நீளமான கழுத்து. குளிக்க அடம்பிடிக்கும் பிள்ளையைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு தேய்ப்பதுபோல் பளிச்சம்மா அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடியில் கிடந்த மணலையும் சாம்பலையும் முன்பே வாரிக் கொட்டியாகிவிட்டது. வழிந்த தண்ணீர் மைபோல் கறுத்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பரம திருப்தி.

சற்றுத் தள்ளி சக்கர நாற்காலியில் இருந்த அவள் கணவர் வாயைத் திறந்தார். "க... க..."

"காபியா? இருங்க, கை வேலையா இருக்கேன்ல."

அவர் சொல்ல வந்தது ‘கழுவாதே’. அந்தச் சொல் தொண்டையிலிருந்து நாக்குக்கு வந்து சேர்ந்தபோது அவள் மூன்றாவது வாளியைக் கவிழ்த்துவிட்டிருந்தாள். இனிமேல் சொல்லி என்ன? விழுங்கிவிட்டார்.

அவர் பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளராக இருந்தவர். வண்டி ஒரு நிமிடம் பிந்தி வந்தாலும் ஓட்டுநரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் முடக்கிவிட்டது. பேச்சு போய், பிறகு தவணை முறையில் திரும்பி வந்தது. இப்போது அவர் வாயிலிருந்து கிளம்பும் எந்தச் சொல்லும் நேரத்துக்கு வருவதில்லை. அந்த ஓட்டுநர்கள் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள்.

பளிச்சம்மா என்பது தெரு வைத்த பெயர். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்த்தவள். விரிப்பில் பொட்டளவு கறை கண்டாலும் மொத்த மூட்டையையும் திருப்பி அனுப்புவாள். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். கறையிலிருந்து அவளுக்கு யார் ஓய்வு கொடுப்பது? வீட்டில் அவள் துடைப்பத்தைக் கழுவுவாள். சோப்பைக் கழுவிவிட்டுத்தான் பெட்டியில் வைப்பாள். வந்தவர்கள் எழுந்து வாசலைத் தாண்டுமுன் நாற்காலியைத் துடைத்துவிடுவாள். "அவங்க வீட்டுல தண்ணி குடிச்சா பாதி நம்ம தொண்டையில இருக்கும், மீதி பாத்திரம் கழுவுற தொட்டியில இருக்கும். அதுக்குள்ள டம்ளரைப் பிடுங்கிடுவாங்க" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு வருடம் படுக்கையும் நாற்காலியுமாகக் கிடந்த மனிதருக்கு முதுகில் ஒரு புண் கிடையாது. நேரத்துக்குத் திருப்பிப் படுக்க வைத்து, ஈரம் படாமல் துடைத்து, விரிப்பில் சுருக்கம் விழாமல் இழுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டாள். சம்பளத்துக்கு வருகிறவர்கள்கூட அப்படிச் செய்வதில்லை. நியாயத்தைச் சொல்லியாயிற்று. இனிக் கேலிக்கு வரலாம்.

அவருக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சுகம் வீட்டின் பின்முற்றம். மாலையில் அங்கே உட்கார்ந்தால் தலைக்கு மேல் வானம். மதிலுக்கு அப்பால் பெரிய சாலை. பேருந்து போகும் ஓசையை வைத்தே எந்தத் தடம், எவ்வளவு தாமதம் என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிக்கொள்வார். ஆனால் குளிர் ஏறினால் செத்த கை விறைத்துக்கொள்ளும். மகன் சொல்லிவிட்டான்: "பனியில உட்கார வைக்காதீங்கம்மா. பேசாம ரெண்டு பேரும் எங்ககூட வந்துடுங்க."

மகன் வீடு ஏழாவது மாடி. சன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு ஏழாவது மாடி. ஒருமுறை போய் இருந்துவிட்டு வந்தவர் அவர். அங்கே பேருந்துச் சத்தம் ஏறி வராது. காக்கைகூட யோசித்துத்தான் வரும்.

அதனால்தான் கணப்பு வாங்கப் போனார்கள். பக்கத்தில் நெருப்பு இருந்தால் முற்றத்திலேயே இருக்கலாம். மகனும் இறங்கி வந்தான். "சரி, வாங்குங்க. சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கிறேன். ஆபத்து இல்லேன்னு என் கண்ணுக்குத் தெரியணும். இல்லேன்னா மூட்டையைக் கட்டுங்க."

மண்சாமான் கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று தடித்த சுவர், சொரசொரப்பு, எருமை நிறம். மற்றது மெல்லியது, வழுவழுப்பு, இளஞ்சிவப்பில் பூ வரைந்தது.

"நெருப்பு போடணும்னா தடியானதை எடுங்கம்மா. அந்தப் பூப்போட்டது செடி வச்சு அழகு பார்க்கிறதுக்கு" என்றான் கடைக்காரன்.

பளிச்சம்மா எருமை நிறத்தை ஒரு விரலால் தடவி, அந்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

கடைக்காரன் விடவில்லை. "அடியில ஒரு சாண் மணல் போடுங்க. தீ நேரா மண்ணுல படக் கூடாது. முதல் சில தடவை சுள்ளி வச்சு சின்னத் தீதான். பெருசா மூட்டினா விரிசல் விட்டுடும். காஞ்ச விறகு மட்டும். மண்ணெண்ணெய் கிட்டவே வரக் கூடாது. செங்கல் மேல, திறந்த இடத்துல வைங்க. கூரைக்குக் கீழ வேண்டாம். ஆள் தள்ளி உட்காரணும். அணைக்கிறதுக்குத் தண்ணி ஊத்தாதீங்க, தானா அடங்கட்டும்."

அவள் கேட்டது ஒரே கேள்வி. "எதைப் போட்டுக் கழுவணும்?"

"கழுவவே கூடாதும்மா. மண்ணு தண்ணியைக் குடிச்சிடும். ஈரத்தோட தீ வச்சா வெடிச்சுப்போயிடும்."

அவளைப் பெயர் சொல்லித் திட்டியதுபோல் இருந்தது அவளுக்கு. "கழுவக் கூடாத சாமான்னு ஒண்ணு இருக்கா உலகத்துல? சோம்பேறிங்க சொல்ற சாக்கு. அந்தப் பூப்போட்டதை எடு."

கணவர் இடது கையைத் தூக்கித் தடியானதைக் காட்டினார். "அ... அ..."

"ஆமாங்க, அழகாத்தான் இருக்கு" என்றாள் அவள்.

ஒருமுறை சொல்வது தர்மம், இரண்டாம் முறை சொன்னால் வியாபாரம் கெடும் என்பது கடைக்காரன் கட்சி. பூப்போட்டதைக் கட்டிக் கொடுத்துவிட்டான்.

அடுத்த நாளே அவள் ஆள் உயரத்துக்குத் தீ மூட்டினாள். மறுநாள் காலை கழுவினாள். மாலை தீ, காலை குளியல் என்று இது தொடர்ந்தது. கணப்பின் வயிற்றில் முடிபோல் ஒரு விரிசல் கோடு விழுந்தது. அதில் வெள்ளைச் சிமெண்டைப் பூசி, மேலே அதே நிறத்தில் வண்ணமும் அடித்துவிட்டாள். கறை போய்விட்டால் நோய் போய்விட்டது என்று நினைக்கிற ஆட்கள் உண்டு. நோயாளியின் முகத்தைத் துடைத்துப் பவுடர் போட்டுவிட்டு, தேறிவிட்டார் என்பார்கள்.

சனிக்கிழமை மாலை மகனும் மருமகளும் வந்தார்கள். முற்றம் கண்ணாடிபோல் இருந்தது. தரையில் கரி விழாமலிருக்கக் கணப்புக்கு அடியில் பிளாஸ்டிக் பாய். மதிலில் புகைக்கறை படியும் என்று கணப்பை இழுத்து நாற்காலிப் பக்கம் நகர்த்தியிருந்தாள். மதிலுக்குக் கிடைத்த பாதுகாப்பு மனிதருக்குக் கிடைக்கவில்லை. அவர் மடியில் பாலியெஸ்டர் போர்வை. கம்பளி கனமாம், துவைத்தால் காய நாளாகுமாம். போர்வையின் நுனி வலது காலுக்கு மேல் தொங்கியது. அந்தக் காலுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது, ஊசி குத்தினாலும் தெரியாது.

காலையில் குடித்த தண்ணீர் கணப்பின் உடம்பில் அப்படியே இருந்தது. விறகு பற்றியதும் ஆவி கிளம்பியது.

"பார்த்தியா, எங்க வீட்டுல புகைகூட வெள்ளையாத்தான் வரும்" என்றாள் பளிச்சம்மா மகனிடம்.

"அடுப்பு ரொம்பக் கிட்ட இருக்கேம்மா?"

"கிட்ட இருந்தாத்தானே சூடு? ஏழாவது மாடியில இருந்தா வருமா?"

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மகன் எதிரில் உட்கார்ந்து தேநீரை எடுத்தான். மேசையில் ஒரு சொட்டு விழுந்தது. பளிச்சம்மா ஈரத்துணியோடு பாய்ந்தாள்.

அப்போதுதான் ‘டக்’ என்று கேட்டது. ஓசைகளோடு வாழ்ந்த அவருக்கு மட்டும்தான் கேட்டது. கணப்பின் அடிவயிற்றில், வண்ணம் அடித்த அதே இடத்தில், கோடு விரிந்தது. ஒரு சில்லு பெயர்ந்தது. உள்ளேயிருந்து செக்கச்செவேலென்று ஒரு கங்கு உருண்டு வந்து, பிளாஸ்டிக் பாயை முகர்ந்து பார்த்துவிட்டு, அவருடைய வலது செருப்பின்மேல் ஏறி உட்கார்ந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வலி இல்லை. யாருடைய காலிலோ நெருப்பு விழுந்ததுபோல் இருந்தது. செருப்பு உருகியது. போர்வையின் நுனி சுருங்க ஆரம்பித்தது.

‘நெருப்பு’ என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் எங்கோ தொலைவில் புறப்பட்டு, மெதுவாக வந்துகொண்டிருந்தது. வந்து சேரும்போது காலே இருக்காது. ‘கால்’? அவள் காபியா என்பாள். மகன் கைபேசியில் இருந்தான். மருமகள் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவியின் முதுகுதான் அவருக்குத் தெரிந்தது. இத்தனை வருடத்தில் அந்த முதுகைச் சட்டென்று திருப்ப வல்ல சொல் எது என்று அவர் யோசித்தார். ஒன்றுதான் இருந்தது. அது அவர் வீட்டில் தினமும் புழங்கிய சொல் என்பதால் நாக்குக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"அழுக்கு!"

பளிச்சம்மா சுழன்று திரும்பினாள். "எங்க?"

அவர் விரல் காலைக் காட்டியது. இரண்டே எட்டு. ஈரத்துணி கங்கின்மேல் விழுந்தது, போர்வை பறந்தது, செருப்பு கழன்றது. மருமகள் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடினாள். நெருப்பு என்று அலறியது கடைசியில் மகன்தான். எல்லாம் முடிந்த பிறகு.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் முற்றமெல்லாம் கரி. அவளால் தாங்க முடியுமா? மகன் "அம்மா, வேண்டாம்" என்பதற்குள் ஒரு வாளித் தண்ணீரைக் கொதிக்கும் கணப்பின் தலையில் கவிழ்த்தாள். கணப்பு குண்டுபோல் வெடித்தது. நல்லவேளை, நாற்காலி தள்ளிப் போயிருந்தது. ஓடுகள் மதிலில் போய் மோதின. பூ வரைந்த ஓடு ஒன்று மகன் காலடியில் வந்து மல்லாந்து கிடந்தது.

அவருடைய வலது காலின் சுண்டுவிரலோரம் சிவந்து, பயறளவு கொப்புளம் எழும்பியிருந்தது. மகன் பற்பசையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"அதைக் கொண்டுபோய் உன் பல்லுல தேய்" என்றாள் பளிச்சம்மா. கணவர் காலைக் குழாய்க்கடியில் நீட்டிப் பிடித்து, குளிர்ந்த தண்ணீரை நெடுநேரம் ஓடவிட்டாள். கொப்புளத்தைத் தொடவில்லை. சுத்தமான துணியால் தளர்வாக மூடினாள். அந்த வேலையில் அவள் கை பிசகாது.

பிறகு மகன் பிடித்துக்கொண்டான். "போதும்மா. மண்ணு சட்டியைக் கழுவிக் கழுவி அப்பாவைக் கொளுத்தப் பார்த்தீங்க. நாளைக்குக் கிளம்புறோம். வண்டியை வரச் சொல்றேன்."

"கவலையே படாதீங்க அத்தை. அங்க வேலைக்கு ஆள் இருக்கு. நீங்க ஒரு டம்ளர்கூடக் கழுவ வேண்டாம்" என்றாள் மருமகள். அன்பாகத்தான் சொன்னாள்.

பளிச்சம்மாவின் முகம் ஆயுள்தண்டனை கேட்ட முகம்போல் ஆனது. குனிந்து பார்த்தாள். கையில் அந்த உருகிய செருப்பு இருந்தது.

கணவர் இடது கையால் மகனின் சட்டையைப் பிடித்தார். "நா..."

"நாளைக்குத்தாம்பா, ஆமா."

சட்டையை விடவில்லை. மகன் குனிந்தான். முதல் முறையாக எல்லாரும் அவர் வாக்கியத்தை அவருக்காக முடித்துவைக்காமல் நின்றார்கள். அது ஒரு பேருந்து போய் இன்னொரு பேருந்து வரும் நேரம் எடுத்தது.

"நான்... தேர்ந்தெடுக்கல. அவ... எடுத்தா. நாளைக்கு... நான்." மூச்சு வாங்கினார். மனைவியைப் பார்த்தார். "நீ... கையைக்... கட்டு."

மகன் தலையைச் சொறிந்தான். "சரிப்பா. காலையில பார்ப்போம். சரியா இல்லேன்னா வண்டி வாசல்ல நிக்கும்."

மறுநாள் காலை முதலில் மருத்துவரிடம் போனார்கள். உணர்ச்சியில்லாத காலில் பட்ட புண்ணை, சின்னது என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. அங்கிருந்து கடைக்கு. அவர் இடது கையை மடக்கி ஒவ்வொரு கணப்பாகத் தட்டிக் கேட்டார். ஓட்டைச் சத்தம் கேட்டதைத் தள்ளினார். கணீரென்று ஒலித்த எருமை நிறத்தில் ஒன்றின்மேல் கையை வைத்தார்.

"அன்னிக்கே சொன்னேனேம்மா" என்றான் கடைக்காரன்.

"அன்னிக்கு நான் கேட்கல. இப்பக் கேட்கிறேன். முதல்லேர்ந்து சொல்லு" என்றாள் பளிச்சம்மா. அவன் சொல்லி முடிக்கும்வரை எதையும் துடைக்காமல் நின்றாள். அதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

முற்றத்தின் நடுவில் செங்கல் பரப்பி, மகன் கணப்பைத் தூக்கி வைத்தான். மணலை அவரே இடது கையால் அள்ளி அள்ளிப் போட்டார். பாதி வெளியே சிந்தியது, யாரும் கூட்டவில்லை. மருமகள் கம்பளியைத் தேடி எடுத்து வந்தாள். நாற்காலியைத் தள்ளிப் போட்டு, உணர்ச்சியுள்ள இடது பக்கம் நெருப்புக்கு வரும்படி திருப்பி, சக்கரத்துக்குத் தடை போட்டார்கள். பளிச்சம்மா ஒரு பிடி சுள்ளியை வைத்துச் சின்னதாகப் பற்றவைத்தாள். அவர் போதும் என்று கையைக் காட்டியதும் நிறுத்தினாள். தீ அடங்கியதும் வாளியைத் தேடவில்லை. அது தானாக ஆறட்டும் என்று விட்டுவிட்டு, மகனுக்கும் மருமகளுக்கும் சாப்பிட எடுத்துவைக்க உள்ளே போனாள்.

மகன் வாசலுக்குப் போய், காத்திருந்த வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பினான்.