சகலை வீட்டு முறுக்கும் என் வாயில் வந்த புத்தும்

என் கீழ் ஈறில் நாவற்பழ நிறத்தில் ஒரு சதை முளைத்தது. பல் தேய்த்தால் ரத்தம். பயந்துபோய் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் தன் தங்கையிடம் மட்டும் சொன்னாள். தங்கையின் புருஷன், அதாவது என் சகலை, மல்லாங்கிணற்றில் சொல்லாத ஆளே இல்லை.

"சகலைக்கு வாயில புத்து!"

எங்கள் பக்கம் பாம்பு குடியிருப்பதும் புத்து, ஆளைக் கொல்லும் நோயும் புத்து. அதனால் அவர் நேரே ஊர்ப் பாம்புப் புற்றுக்குப் போய்ப் பாலும் முட்டையும் ஊற்றி, "எங்க சகலைக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், மன்னிச்சு விட்டுரு நாகம்மா" என்று ஊர் கேட்க வேண்டிக்கொண்டார். மறுநாளே அருப்புக்கோட்டையில் என் வீட்டுக்குத் திராட்சைப் பையும் ஈரக் கண்ணுமாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

பல் டாக்டரம்மா சதையை வெட்டி மதுரைக்குச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை சாமி கும்பிட்டதைவிடச் சகலையைத் திட்டியதுதான் அதிகம். செத்தால் ஆவியாக வந்து அவர் வீட்டு மிக்ஸியில் குடியேறுவதென்றுகூடத் தீர்மானித்திருந்தேன்.

"புத்து இல்லங்க. பல்லுல காரை படிஞ்சு, ஒடஞ்ச பல்லும் ஒரசிக்கிட்டே இருந்தா ஈறு வீங்கி இப்பிடிச் சதை வளரும். மாசமா இருக்கவங்களுக்கும் வரும்" என்றார் டாக்டரம்மா.

அழுதுகொண்டிருந்த என் மனைவி என் தொப்பையைப் பார்த்தாள். "அப்ப இவுகளுக்கு எத்தன மாசம்னு சொல்லிருங்க டாக்டர்."

"பல்லு எப்பிடி ஒடஞ்சுச்சு?"

அப்போதுதான் பொறி தட்டியது. தீபாவளிக்குச் சகலை தன் கையாலேயே சுட்டு அனுப்பிய முறுக்கு!

வேண்டுதலை முடிக்க எல்லோருமாக மல்லாங்கிணறு போனோம். டப்பாவில் எறும்புகூடச் சீண்டாமல் கிடந்த மிச்ச முறுக்கைப் புற்றின் முன் வைத்தேன். "நாகம்மா, என் வாய்க்கு வந்த வினை இதுதான். பாத்துக் கடி, பல்லு பத்திரம்."

கூட்டம் சிரித்தது. சகலைக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன் சகல, என் முறுக்குக்கு என்ன கொறச்சல்?" என்று ஒன்றை எடுத்துக் கடித்தார். கடக்கென்றது. உடைந்தது முறுக்குதான் என்று நினைத்தோம்.

இன்றைக்குக் காலையில் அவரிடமிருந்து போன். "சகல, ஈறுல என்னமோ உருண்டையா இருக்கு. என்னவா இருக்கும்?"

டாக்டரம்மா சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். நாளைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டத்தான் போகிறேன். ஆனால் இன்றைக்கு இன்றைக்குத்தானே?

"பயப்படாதீக சகல. பாலும் முட்டையும் வாங்கிட்டேன், இந்தா பஸ்ஸு ஏறுறேன். புத்துக்கிட்ட மைக்குக்கு மட்டும் சொல்லி வைங்க."